மைனஸ் பதினெட்டில் ஒழுகிய கூரை

பெப்ரவரி பதினொன்று, காலை ஏழு நாற்பது. மைனஸ் பதினெட்டு, காற்றில்லை, நல்ல வெயில். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பங்களோவின் சின்ன அறையில், குழந்தைத் தொட்டிலுக்கு நேர் மேலே சீலிங் ஒழுகியது. ஆஸ்பத்திரியில் இருந்து மகள், நாலு நாள் பேத்தியோடு மறுநாள் அந்த அறைக்குத்தான் வரவிருந்தாள்.

தொட்டிலை நகர்த்தி வாளியை வைத்தேன். நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு. எல்லாமே உறைந்து கிடக்கும் குளிரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். கூரை விளிம்பில் ஒரு சாண் தடிப்பில் பனிக்கட்டி அணை கட்டியிருந்தது. அதிலிருந்து முப்பத்தொரு ஈட்டிகள் தொங்கின. சமையலறைக்கு மேலே மட்டும் பனி இல்லாமல் கூரை கறுத்துத் தெரிந்தது. அங்கே உருகியது வழிந்து வந்து குளிர்ந்த விளிம்பில் உறைந்திருக்கிறது. பின்னால் வந்த தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது.

ஏணியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

"இஞ்சேருங்கோ, எழுபத்திநாலு வயசில உதில ஏறி விழுந்தா, நான் அவளுக்குப் பத்தியம் காய்ச்சுறதோ, உங்களுக்குக் கஞ்சி காய்ச்சுறதோ?" என்று ஏசியபடியே மனைவி ஏணியை இறுக்கிப் பிடித்தாள்.

சீலிங்கின் மூடியைத் தள்ளி, மேலே டோர்ச் அடித்தேன். கூரைப் பலகையைத் துளைத்து நின்ற ஒவ்வொரு ஆணியிலும் வெள்ளைப் பூவாக உறைபனி. இருட்டு முழுவதும் மினுங்கியது. எண்ணத் தொடங்கி, நூற்றுப் பன்னிரண்டில் எண்ண மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மூச்சை இழுத்தால் மல்லி, மிளகு, சீரகம். அந்தக் குளிருக்குள் வறுத்த பத்தியச் சரக்கு மணத்தது. சமையலறை ஃபேனின் குழாய் வெளியே போகாமல் அங்கேயே வாய் திறந்து கிடந்தது.

"நீர் எத்தனை நாளாய்ச் சரக்கு வறுக்கிறீர்?"

"மூண்டு நாள். ஃபேனை ஃபுல்லில போட்டுத்தான். கோட்டுகளில கறி மணம் ஏறுதெண்டு அந்தப் பெரிய ஃபேனைப் பூட்டுவிச்சது ஆர்?"

"கோட்டில ஏறேல்லை. முகட்டில ஏறியிருக்கு."

பிள்ளை பெற்றவளுக்கு வறுத்த கைப்பிடி மல்லியின் சூடு, அந்தக் குளிரில் எங்கள் கூரையில் ஓர் ஆற்றை ஓடவிட்டிருந்தது. ஃபேனை நிறுத்தி, யன்னலைத் திறந்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் மிச்சத்தை வறுத்து முடித்தாள். மத்தியானம் வந்த கூரை வேலைக்காரர்கள் நீராவி அடித்துப் பனிக்கட்டியை அறுத்து விழுத்தினார்கள். குழாயையும் பக்கச் சுவரால் வெளியே எடுத்துவிட்டார்கள். பொழுதுபட ஒழுக்கு நின்றது.

மறுநாள் மகள் சரக்குக்கறியோடு சோறு சாப்பிட்டாள். சீலிங்கில் காய்ந்த கறைக்குக் கீழே பேத்தி உறங்கினாள். கூரை வேலைக்கான பில், வரியோடு ஆயிரத்து நானூற்று முப்பத்தெட்டு டொலர்.