தபசு என்றைக்கு?

அடுக்குமாடிக் கட்டடத்தின் தூணில் ஒருவர் டியூஷன் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சிய மைதாப் பசையின் புளித்த வாசனை அடித்ததும், அந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன் அதே இடத்தில் இருந்த எங்கள் கூத்து மைதானத்தின் சுண்ணாம்புச் சுவர் கண்ணெதிரே வந்து நின்றது. பாரதக் கூத்து நோட்டீஸை அதில்தான் ஒட்டுவார்கள். பசை காய்வதற்குள் தெருவே கூடிவிடும், எந்த நாளில் எந்தக் கூத்து என்று உரக்கப் படித்துச் சொல்வது என் வேலை, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சலசலப்பு எழும்.

"துகிலா? போன வருசம் துச்சாதனன் தூங்கிகினே இழுத்தான்," என்று ஒருத்தி சிரிப்பாள். "கர்ண மோட்சத்த சனிக்கெழம வெக்கக் கூடாதா? மறுநாள் லீவாச்சே," என்று அரக்கோணத்துக்கு வேலைக்குப் போகும் எங்கள் நைனா கோபப்படுவார்.

பக்கத்து வீட்டு நாகம்மா அத்தை அர்ச்சுனன் தபசுக்காக மட்டும் காத்திருப்பாள். அன்று அர்ச்சுனன் வேஷக்காரர் உயரக் கம்பத்தில் ஏறி எலுமிச்சம்பழம் வீசுவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள். அத்தையும் வருஷம் தவறாமல் நிற்பாள்.

ஒரு வருஷம் நோட்டீஸில் தபசு இல்லை.

"கம்பம் ஏறுற ஆளுக்குக் கால் ஒடஞ்சிகிதும்மா," என்றார் ஒட்ட வந்தவர்.

"கடைசி வரைக்கும் படிச்சியா, பாப்பா?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

"ஆங், படிச்சேன் அத்தே."

"இன்னொரு தபா படி."

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். இந்த முறை எந்தக் கூத்தைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.