ஒரு அடிக்குப் பன்னிரண்டு அடி

ரெஜினா அக்கா இறந்த செய்தி, மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூரு ரயிலுக்காக நின்றிருந்தபோது வந்தது. மாரடைப்பு. வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் யாரோ ‘மன உறுதியின் சின்னம்’ என்று எழுதியிருந்தார்கள். இப்படிப் புகழ்ந்தால் அக்கா என்ன சொல்வார் என்று அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்: “அது கெடக்கட்டும்பா. பாத்ரூம் கதவுல என் வண்டி நொழையுமா, அத்தச் சொல்லு.”

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளியின் மகள். இரண்டு கால்களையும் போலியோ முடக்கியது. தாது அரைக்கும் மில்லில் தேய்ந்துபோனதால் கழித்துப்போட்ட இரும்பு உருண்டைதான் அவர் எறிந்த முதல் குண்டு. பிறகு குண்டு எறிதல், சக்கர நாற்காலி ஓட்டம், டேபிள் டென்னிஸ் மூன்றிலும் நாட்டுக்காக ஆடினார். எங்கள் ஊரில் அவருக்கு முன்னால் அப்படிப் போனவர் யாருமில்லை.

அவர் வேலைக்குப் போன ரயிலில்தான் நானும் போவேன். முதல் நாள் கேட்காமலே அவரை நாற்காலியோடு தூக்கினேன். கையில் பளீரென்று ஓர் அடி.

“இன்னா தம்பி, நான் இன்னா அரிசி மூட்டையா? கேட்டுட்டுத் தூக்கு!”

பெட்டியே சிரித்தது. எனக்குப் பெங்களூரு வரை கை எரிந்தது.

ஊர்த் திடலுக்குள் போகப் படிகள் மட்டுமே இருந்தன. நாட்டுக்குப் பதக்கம் வாங்கியவர் ஆண்டர்சன்பேட்டை சாலையில் லாரிகளுக்கு நடுவே பயிற்சி செய்தார். பல வருடம் கேட்ட பிறகு ஒரு சாய்தளம் கட்டினார்கள். திறப்பு விழா, மாலை, சால்வை. அக்கா அதில் ஏறினார். பாதியில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். அன்று அடிக்கவில்லை.

“இதுல ஏறுனா கிரவுண்டுக்கு இல்ல சார், நேரா மேலோகத்துக்குத்தான் போவும்.”

“அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா. நாலு பேர் தள்ளினா ஏறிடும்” என்றார் அதிகாரி.

“நாலு பேர் இருந்தா படியிலயே ஏறியிருப்பனே! ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் வேணும் சார். இடிச்சிட்டுக் கட்டுங்க.”

நன்றி கெட்டவள் என்றது ஊர். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அன்று அதைச் சொன்னீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. அக்கா விடுப்புப் போட்டுவிட்டு, தினமும் காலையில் அந்தச் சாய்தளத்தின் அடியில் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டு உட்கார்ந்தார். மழைக்காலம் முழுவதும். கடைசியில் இடித்தார்கள், நீளமாகக் கட்டினார்கள். இன்று மூன்று பெண்கள் யார் கையும் படாமல் அதில் ஏறிப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

அக்கா சொன்ன அந்த அளவை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வங்கி, மருத்துவமனை, தேவாலயம் என்று எங்கே சாய்தளத்தைப் பார்த்தாலும் டேப்பை எடுத்து அளக்கிறேன். பெரும்பாலானவை பொய். இடிக்கச் சொல்கிறேன்.