பதினான்காம் கேள்வி

தையல்காரிக்குத் தெருவில் கேள்வி அக்கா என்று பெயர். எந்தக் காகிதமானாலும் கடைசி வரி வரை படித்து, நாலு சந்தேகம் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். மருந்துச் சீட்டைக்கூட விட்டுவைத்ததில்லை.

மூன்றாம் மாடியில் இரண்டறை வாடகை வீடு. உள்ளறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, ஜன்னலோரம் ஒரு பழைய சோபா. அந்த சோபாதான் வினை. அவள் கணவர் பஸ் டிரைவர். விடியற்கால ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு ஒரு மணிக்கு அதில் சாய்ந்தால் இரண்டரைக்குத்தான் எழுவார். மெஷின் தடதடவென்று ஓடினாலும் அசையமாட்டார். அது நின்றால்தான் விழிப்பு வரும்.

வருமான வரிப் படிவத்தில் பதினான்காம் கேள்வி, ‘தொழிலுக்கான அறை வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் உட்படாதது என உறுதியளிக்கிறீர்களா?’ என்று கேட்டது. ஆம் என்றால் அந்த அறைக்கான வாடகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ போட்டார்கள். இவளுக்குத்தான் கை வரவில்லை.

“என்னங்க, நீங்க இங்க தூங்கறது பயன்பாடா?”

“நான் சும்மாதானே கெடக்கேன்? ஆம்னு போட்டுட்டுப் போயேம்மா. யாரு வந்து பாக்கப்போறாங்க?”

“யாரும் பாக்கலைன்னா சிக்னல்ல நிக்காம போவீங்களா?”

டிரைவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

‘மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை கணவர் உறங்குவார். இது வேறு பயன்பாட்டில் சேருமா?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாள். கட்டத்துக்கு வெளியே எழுதியதாகப் படிவம் திரும்பி வந்தது. தனிக் கடிதமாக இணைத்து அனுப்பினாள். சேரும், ஆகவே சலுகை முழுவதும் ரத்து என்று பதில் வந்தது. அன்று அவள் கோபத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து, வரி விதிகளைச் சீர்திருத்த ஒரு குழு அமைத்து, பொதுமக்களும் வந்து பேசலாம் என்று அறிவித்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். கேள்வி அக்கா பெயர் கொடுத்தாள். அரங்கில் ஆடிட்டர்களும் பேராசிரியர்களும் சதவீதம் சதவீதமாகப் பேசினார்கள். இவள் முறை வந்தது.

“மேடம், உண்மையை எழுதின எனக்குச் சலுகை இல்ல. பொய் எழுதினவங்களுக்கு உண்டு. சட்டைய தச்சு வெச்சுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ஒடம்ப வளைக்கச் சொல்றீங்க.”

குழுத் தலைவி பேனாவை எடுத்தார். “என்ன செய்யணும்ங்கறீங்க?”

“எத்தன மணி நேரம் வேல நடக்குதோ, அத்தன மணி நேரத்துக்கு மட்டும் குடுங்க.”

பக்கத்து உறுப்பினர் குறும்பாகக் கேட்டார்: “உங்க வீட்டுக்காரர் ஒன்றரை மணி நேரம்தான் தூங்கறார்னு எப்படி நம்பறது?”

கடைசி வரிசையில் ஒருவர் சீருடையோடு எழுந்து நின்றார். ஷிப்ட் மாற்றிக்கொண்டு, அவளிடம் சொல்லாமலே வந்திருந்தார்.

“நான்தாங்க அந்தத் தூக்கம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடத் தூங்க விடமாட்டா.”

அரங்கமே சிரித்தது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த ஆண்டு விதி மாறியது, அவள் கேட்டபடியே. கூடவே, மணிக்கணக்கை நிரப்ப இரண்டு பக்கப் பின்னிணைப்பும் வந்து சேர்ந்தது. கேக் செய்து விற்கும் பக்கத்து வீட்டுக்காரியும், வீட்டில் டியூஷன் எடுக்கும் டீச்சரும் படிவத்தோடு படியேறி வந்தார்கள்.

“ஒரு டிக்கோட முடிஞ்ச வேலக்கா! உங்க புண்ணியத்துல இப்ப ரெண்டு பக்கம்!” என்று பொரிந்து தள்ளினாள் கேக்குக்காரி.

“உக்காரு, நான் போட்டுத் தரேன்” என்று இருவரையும் சோபாவில் உட்கார வைத்தாள் கேள்வி அக்கா. படுக்க இடமில்லாமல் டிரைவர் வாசல் நிலையில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

வேலை முடிந்ததும் கேக்குக்காரி போய்விட்டாள். டீச்சர் மட்டும் செருப்பை மாட்டாமல் நின்றார்.

“நாலு வருஷமா அந்த ‘ஆம்’ போடும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும்க்கா. பசங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கறதும் அதே ரூம்லதான்.”

கேள்வி அக்காவுக்கு முதல்முறையாகக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. டீச்சரின் கையை ஒரு முறை அழுத்திவிட்டு, பகலிலும் இருண்டிருக்கும் மாடிப்படிக்கு விளக்கைப் போட்டாள்.