இருபத்தோராம் நாள் வடித்த ஒயின்

எல்லைப் போராட்டக் காலத்தில் நெய்யாற்றின்கரைக்குப் பக்கம் எங்கள் கொல்லயில் கிராமத்தில் எல்லாரும் ஆளுக்கொரு தியாகம் செய்துகொண்டிருந்தார்கள். சிலர் அடி வாங்கினார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். நான் கொல்லாம்பழத்தில், அதாவது முந்திரிப்பழத்தில், ஒயின் போட்டேன்.

சிரிக்க வேண்டாம். அடியேன் தமிழ் வாத்தியார். எங்கள் ஊர் மதராஸோடு சேர்ந்தால் தமிழ் வகுப்பு தழைக்கும். சேராவிட்டால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக மலையாள வகுப்புக்கு நகர்ந்துவிடும், நான் காலி பெஞ்சுகளுக்கு இலக்கணம் நடத்தலாம். ஆகையால் கூட்டத்துக்குக் கூட்டம் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் பரணியை, அதாவது ஒயின் ஊறும் ஜாடியை, கிளற வேண்டும்.

கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை மாட்டுக்குப் போடுவது ஊர் வழக்கம். எனக்கு அது பொறுக்கவில்லை. பழத்தைப் பிழிந்து கஞ்சித்தெளிவு ஊற்றி வைத்தால் தொண்டையைப் பிடிக்கிற கறை அடியில் தங்கிவிடும். தெளிந்த சாற்றில் சர்க்கரை, நாலு கிராம்பு, ஒரு பிடி கோதுமை, பொங்குவதற்குக் கொஞ்சம் கள்ளு மண்டி. பரணியின் வாயைத் துணியால் கட்டி, தினம் ஒரு தடவை அகப்பையால் கிளற வேண்டும். இருபத்தோராம் நாள் வடித்தே ஆக வேண்டும், தாண்டினால் காடி. இந்த மகத்தான சாஸ்திரம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. முதல் மூன்று பரணியும் காடியாகிப்போனதில் கிடைத்த ஞானம்.

“அப்பத்துக்கு மாவு பொங்க ஒரு சிரட்ட கள்ளு கேட்டா கொண்டுவர மாட்டிய. இதுக்கு மட்டும் குடத்தோட வருதாக்கும்” என்பாள் மனைவி. எங்கள் சபை உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை குடியைக் கண்டித்துப் பிரசங்கம் செய்வார். திங்கட்கிழமை வந்து, “வயிறு செரியில்ல சாறே” என்பார். எங்கள் பக்கத்தில் வாத்தியார் என்றால் ‘சாறு’தான். அவர் வயிறு திங்கட்கிழமைகளில் சரியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுத் தையற்காரர் அப்படியெல்லாம் சாக்குச் சொல்லுகிறவர் அல்ல. நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்து கிளாஸை நீட்டுவார். எங்கள் பக்கத்துப் போராட்டமே அவர்தான். அவர்தான் ஒருநாள் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“சாறே, மதராஸில குடி நிரோதிச்சாச்சு, தெரியுமா? நம்ம ஜெயிச்சா சாறுக்க பரணி ஸ்டேஷனுக்குப் போவும்.”

“அது சாராயத்துக்காக்கும் அண்ணே. இது பழம்.”

“போலீசுகாரன் மோந்து பாத்து முடிவு பண்ணுவான்” என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து கூட்டங்களில் என் தொண்டை கொஞ்சம் இறங்கித்தான் ஒலித்தது.

அந்தச் சமயத்தில் எல்லைக் கமிஷன்காரர்கள் திருவனந்தபுரத்துக்கு வந்தார்கள். தையற்காரர் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினார். கையெழுத்துத் தெரிந்தவர்களிடம் கையெழுத்து, தெரியாதவர்களிடம் கைநாட்டு. மனுவை எழுதியது நான். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் நான்தான். அவரைக் கண்டால் போலீஸ் பிடித்துவிடும். “நாளைக்கு மத்தியானத்தோட முடியுமாம் சாறே. விடிஞ்ச உடனே பஸ் ஏறணும்” என்று இரண்டு கைகளாலும் மனுக்கட்டைக் கொடுத்தார். கால்கள் வீங்கியிருந்தன.

மறுநாள் பரணிக்கு இருபத்தோராம் நாள்.

வடித்துவிட்டே போகலாம் என்று நினைத்தேன். அரை மணி வேலை. ஆனால் அன்றைக்குத் தெளிவு அப்படியொரு தெளிவு, பொன் போல இறங்கியது. ஒரு தடவை வடித்தது போதாதென்று இரண்டாம் தடவை வடித்தேன். குப்பிகளைக் கொதிநீரில் கழுவினேன். “பஸ்ஸு போவுது, நிங்க குப்பி கழுவுதிய” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பத்து மணி பஸ் கிடைத்தது. அது அமரவிளையில் நின்று, நெய்யாற்றின்கரையில் நின்று, ஆள் கைகாட்டிய இடமெல்லாம் நின்று போய்ச் சேர்ந்தபோது பியூன் மேசைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“சாறன்மாரெல்லாம் போயல்லோ. இனி எடுக்கில்லா” என்றான். ஐயாமார் போய்விட்டார்களாம், இனி மனு வாங்க மாட்டார்களாம்.

கெஞ்சினேன். அவன் விளக்குமாற்றை எடுத்தான்.

வடித்ததில்தான் தாமதமா, அல்லது அந்த மதுவிலக்குப் பயமா என்று கேட்டால், இரண்டும்தான். வெட்கக்கேடு. வீட்டுக்கு வந்து மனுவை அடுப்பில் வைத்தேன். கைநாட்டுகள் இருந்த தாள்கள் மை தடித்து மெதுவாக எரிந்தன. தையற்காரரிடம், “குடுத்தாச்சு அண்ணே, கையில வாங்கினாங்க” என்றேன். என் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு மனுவால் எல்லைக்கோடு வளைந்துவிடாது, எனக்குத் தெரியும். இந்த ஆறுதலை நான் பலமுறை எனக்கே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் மதராஸோடு, நாங்கள் இந்தப் பக்கம் மலையாள ராஜ்யத்தோடு. என் பரணி தப்பியது. அடுத்த ஜூனில் என் வகுப்பில் நாலு பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி தையற்காரரின் மகள்.

கோடு போட்ட செய்தி வந்த அன்று சாயங்காலம் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த இருபத்தோராம் நாள் ஒயினைத்தான் ஊற்றினேன். நான் போட்டதிலேயே சிறந்தது அது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

“நம்ம மனுவ வாசிச்சிருப்பானுவளா சாறே?”

“வாசிச்சிருப்பாங்க அண்ணே.”

“அத்தன பேரு கைநாட்டையும் பாத்துட்டுமா இப்படிச் செய்தானுவ? பாவிப் பயலுவ!”

“பாவிப் பயலுவ” என்றேன், அவரைவிட உரக்க.