காணாமல் போன பன்னிரண்டு வசனங்கள்

கிதியோன் பிடித்தால் பிடித்த பிடிதான். சபை ஆராதனையில் பாட்டு ஒரு வரி தள்ளிப் போனாலும் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லுகிற ஆள். மல்லாபூர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சரக்கில் குறை கண்டுபிடிக்கிற வேலை; வேறெப்படி இருப்பார்? அதை இழுத்து மூடியதும், ஐம்பத்தாறு வயதில், உப்பலில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

2007இல் அங்கே ஒரு வேலை வந்தது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ ஒரு துறவி ஆட்டுத்தோலில் கையால் எழுதிய கிரேக்கச் சுவிசேஷங்கள். வெளிநாட்டு நூலகம் ஒன்று பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தது. அச்சடித்த கிரேக்க பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வசனம் எங்கே தொடங்குகிறது என்று எண் போட வேண்டும். கிதியோனுக்குக் கிரேக்கத்தில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. எழுத்தின் வடிவத்தை வைத்தே ஓட்டினார். யோவான் சுவிசேஷம் அவருக்கு, லூக்கா பக்கத்து சீட் ஃபாத்திமாவுக்கு.

வீட்டில் நிலைமை சரியில்லை. மகள் பிளெசி, மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை, கல்யாணம் ஆகாமலே குழந்தை பெற்றுக்கொண்டாள். "என் வாசப்படி மிதிக்காத" என்று சொன்னவர், இரண்டு வருஷமாக அவள் பெயரை வாயில் எடுக்கவில்லை, எடுக்கவும் விடவில்லை. இப்போது, சனிக்கிழமை குழந்தையோடு வரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டிருந்தாள்.

மனைவி சாரா வாதாடவில்லை. யோவான் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து அவருடைய காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். தப்பில் பிடிபட்ட பெண்ணைச் சுற்றிக் கல்லெறிய நின்றவர்கள், 'பாவமே செய்யாதவன் முதல் கல்லை எறியட்டும்' என்ற சொல்லைக் கேட்டு, ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கலைந்துபோகும் கதை.

"இதப் படிச்சுட்டு, அப்புறம் வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் காபியை மட்டும் எடுத்துக்கொண்டார். வேதத்தையே எதிரில் வைத்தால் எப்படி வேணாம் என்பது?

வியாழக்கிழமை, வேலையில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஏழாம் அதிகாரம், ஐம்பத்திரண்டாம் வசனம். அடுத்தது ஒத்துவரவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு முடிந்ததும், நேராக எட்டாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனம்! ஏழின் கடைசி வசனமும் எட்டின் முதல் பதினொன்றும், ஆக நடுவில் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. கிழிசல் இல்லை, அடித்தல் இல்லை, ஒரே வரியில் அது முடிந்து இது தொடங்குகிறது. சாரா வைத்த கதை மட்டும் இல்லவே இல்லை.

கிதியோன் முந்தின படத்தையும் அடுத்த படத்தையும் திறந்து பார்த்தார். ஐம்பது வருஷமாகப் படித்தது இதில் இல்லையா? ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடி வந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயோ, சந்தோஷம்! பழைய கையெழுத்துப் பிரதியிலேயே இது இல்லை என்று சாராவின் வாயை அடைத்துவிடலாம் என்று மனசு துள்ளியது. பெற்ற பெண்ணை வெளியே நிறுத்துவதற்காக, வேதத்தில் ஒரு கதை தொலைந்ததற்குச் சந்தோஷப்பட்டோமே என்று கூசிப்போனார்.

"அங்கிள், இத கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் ஃபாத்திமா. "லூக்கா இருபத்தொண்ணு முடிஞ்சிடுச்சு, இருபத்திரெண்டு ஆரம்பிக்க மாட்டேங்குது. நடுவுல எக்ஸ்ட்ராவா என்னமோ இருக்கு. புக்ல இல்ல. எதுக்கு இப்படி எழுதி வச்சிருக்கான்?"

கிதியோன் தன் அச்சடித்த யோவான் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவள் திரையில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். முதல் வசனம் ஒத்தது. இரண்டாவதும் ஒத்தது. பன்னிரண்டும் இருந்தன. அந்தத் துறவி எதையும் தொலைக்கவில்லை. வேறு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"எரர்னு போட்டுடவா அங்கிள்?"

"நக்கோம்மா, வேணாம்! அது அங்கயே இருக்கட்டும்."

படிக்கட்டுக்கு வந்து செல்போனை எடுத்தார். மகளின் எண்ணை என்றைக்கோ அழித்துவிட்டிருந்தார். ஆனாலும் விரல் தடுமாறாமல் அழுத்தியது.

"அப்பா?" என்றாள் பிளெசி. உடனே பதறினாள். "அம்மாக்கு என்னாச்சு? எந்த ஹாஸ்பிட்டல்? சொல்லுங்கப்பா!"

கிதியோன் படியில் உட்கார்ந்தார். அப்பா போன் செய்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று பெண்ணை நினைக்க வைத்திருக்கிறார்.

"அம்மா நல்லாத்தான் இருக்கா" என்றார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. "பையன் பேர் என்னம்மா?"

குழந்தையின் சத்தம் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"நோவா" என்றாள்.

"சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே கூட்டிட்டு வா."