காலை ஷிப்ட் ஃபுல்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை. லாரி கழுவினேன், லாரி ஓட்டினேன், இப்போது ராபர்ட்சன்பேட்டையில் சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறேன். கோலார் தங்க வயலில் ஒழுங்காக கிளட்ச் மிதிப்பவர்களில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள்தான். வெப்சைட்டிலும் ஆள் சேர்த்தேன் என்பது பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

வெப்சைட்டைச் செய்தவள் என் மருமகள். தினமும் ரயிலேறி பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். சேர விரும்புகிறவர் வீட்டிலிருந்தே ஃபாரத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியதும் யாரும் கை வைக்காமல் அவர் பெயரில் ஒரு கணக்கு தானாகத் திறந்து, காலை ஷிப்டில் ஒரு சீட்டும் விழ வேண்டும் என்றேன். ரெடிமேடாகக் கிடைப்பது எதுவும் என் ஸ்கூலுக்குப் பொருந்தவில்லை. அவளே உட்கார்ந்து கோட் எழுதினாள்.

"மாமா, ஒரு போன் நம்பருக்கு ஒரு கணக்குதான்னு வச்சிடட்டுமா?"

"இன்னாம்மா நீ! நம்ம சுரங்க லைன் வீடுங்கள்ல ஒரு போனை வச்சிக்கினு நாலு பேரு கீறாங்க. அண்ணன் சேர்ந்துட்டா தம்பி சேரக் கூடாதா? பேர் வேறன்னா ஆளும் வேற. அப்படியே எழுது."

எழுதினாள். சனிக்கிழமை சாயங்காலம் திறந்தோம். ஞாயிறு காலை என் போனுக்கு வெப்சைட்டே செய்தி அனுப்பியிருந்தது: காலை ஷிப்டின் பன்னிரண்டு சீட்டும் நிரம்பிவிட்டன! யார் யார் என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. நேராகப் பக்கத்து டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன்.

"பன்னண்டு பேரா?" என்றார் கடைக்காரர். "கீறது ஒரு காரு. மேல கட்டி இஸ்துக்கினு போவியா?"

பொறாமைதான், வேறென்ன.

ஒன்பது மணிக்கு சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் காலனியிலிருந்து ஒரு பெண் ஸ்கூலுக்கு வந்தாள்.

"இன்னா பெரியவரே, உங்க வெப்சைட்டு என்னை உள்ளயே வுட மாட்டேங்குது. ஃபுல்லுன்னு சொல்லுது."

"ஃபுல்தாம்மா. அடுத்த மாசம் வா."

"அடுத்த மாசம் வந்து இன்னா பண்றது?"

அவள் ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவள். எட்டு வருடமாக நடந்தும் பஸ்ஸிலும்தான். லேபில் இப்போது சின்ன கார் வாங்கியிருக்கிறார்கள். இந்த மாதம் முடிவதற்குள் லைசென்ஸ் காட்டினால் கார் அவளுக்கு. இல்லையென்றால் ஓட்டத் தெரிந்த வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அவள் வேலையும் போய்விடும். எல்.எல்.ஆர். கையிலேயே வைத்திருந்தாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரில் யாராவது விட்டுக்கொடுப்பார்களா பார்க்கலாம் என்று மருமகளைக் கூப்பிட்டேன். லேப்டாப்போடு வந்தவள் பட்டியலைத் திறந்தாள், உற்றுப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் போன் நம்பரைக் கேட்டாள்.

"அக்கா, நேத்து எத்தனை தடவை அனுப்புனீங்க?"

"அத்த ஏம்மா கேக்கற! லாஸ்ட் நேமாம், கடைசிப் பேரு போடு, போடுங்குது. நமக்கு ஏது கடைசிப் பேரு? இனிஷியல் போட்டேன். அமுக்குனா ஒண்ணும் வரல, வெள்ளையா நின்னுச்சு. தப்பு போலன்னு வூட்டுக்காரரு பேரைப் போட்டேன். அப்புறம் அப்பா பேரு, மாமனார் பேரு, தாத்தா பேரு... கடைசியா சாம்பியன் ரீப்ஸ்னு கூட போட்டுப் பாத்துட்டேன்."

மருமகள் திரையை என் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு கணக்கு, பன்னிரண்டு ரோல் நம்பர், ஒரே போன், ஒரே பெண். எல்லாச் சீட்டையும் அவளே பிடித்து, பதிமூன்றாவது தடவை தன்னையே வெளியே நிறுத்தியிருந்தாள். நானோ வந்த ஒரே ஆளையும் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா தலைவரே, பன்னண்டு பேரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க" என்றேன். பொய்யில்லை.

தப்பில் பாதி என்னுடையது. ஒப்புக்கொள்வதும் ஒரு பெருந்தன்மைதான். மருமகள் கடைசிப் பேர் கேட்கும் கட்டத்தை எடுத்தாள். அனுப்பியதும் "வந்து சேர்ந்தது" என்று தெரிய வைத்தாள். அதே பெயரும் நம்பரும் மறுபடி வந்தால் புதுக் கணக்கு திறக்காதபடி செய்தாள்.

"பதினொண்ணை அழிச்சிடட்டுமா மாமா?"

"வேணாம். இந்த மாசம் காலை ஷிப்ட் மொத்தமும் அவங்களுக்குத்தான். புதுசா வர்றவங்களை சாயங்காலம் போடு."

பன்னிரண்டு பேர் வாங்க வேண்டிய திட்டை அவள் ஒருத்தியே வாங்கினாள். டெஸ்ட்டில் எட்டுப் போட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் அப்போதே பாஸ் போட்டார்.

இப்போது லேப் கார் என் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடிக்கும். அங்கே ஒரு போர்டு மாட்டியிருக்கிறேன்: "வெப்சைட்டில் சேர்ந்த முதல் ஷிப்ட், பன்னிரண்டு ரோல் நம்பரும் முதல் தடவையிலேயே பாஸ்."