பேசாமல் சாப்பிட்ட பிரியாணி

போன மாதம் எங்கள் ஆம்பூர் பங்குக் கோயிலில் ஒருநாள் தியானம். அந்தக் கால ஐரோப்பிய மடங்களைப் பற்றி ஃபாதர் பேசினார். துறவிகள் சாப்பாட்டு மேசையில் பேசவே மாட்டார்களாம். ஒருவர் வேதம் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். ஏதாவது தேவையென்றால் கைஜாடைதான். மீன் வேண்டுமா? கையை மீன்வால் மாதிரி ஆட்ட வேண்டும்!

"வாரத்துல ஒரு வேளை வீட்ல செஞ்சு பாருங்க. வாய மூடினாத்தான் காது தொறக்கும்" என்றார் ஃபாதர்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். வார்டில் பேசிப் பேசித் தொண்டை கட்டியவள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நோ டாக்கிங்" என்று ஆர்டரே போட்டுவிட்டாள். வேதம் வாசிக்க செல்போன்!

ஆனால், அவள் ஏற்கெனவே ஒருவரிடம் மௌனவிரதம்தான். தம்பி அருள். போன வருஷம் எங்கள் மகள் கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டார் காதுபட, "இது பிரியாணியா, தக்காளி சாதமாக்கா?" என்று கேட்டுவைத்தான். அன்றோடு சரி. போன் கிடையாது, கிறிஸ்துமஸ் கேக் கிடையாது. ராத்திரியில் அவன் போட்டோவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள்... நான் பார்க்கவில்லை என்ற நினைப்பில்.

ஞாயிறு வந்தது. மட்டன் பிரியாணி, கத்தரிக்காய். செல்போன் திருப்பாடல் வாசிக்கிறது. முதல் வாய் வைத்தோம் — காலிங் பெல்.

வாசலில் அருள்! அரக்கோணத்திலிருந்து வந்திருக்கிறான். மகனுக்குப் புதுநன்மையாம், கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் விழா. கையில் அழைப்பிதழ்.

"அக்கா, நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

ஸ்டெல்லா உதட்டில் விரல் வைத்தாள். அவன் முகம் செத்துப்போனது.

"பேசவே கூடாதா மாமா?"

நான் என்ன செய்ய? விதி விதிதானே? வேதம் வாசிக்கும் போனைக் காட்டினேன். அவன் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டான். யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டானாம்!

ஸ்டெல்லா விருட்டென்று எழுந்து கிச்சனுக்குப் போனாள். போச்சு, தம்பி கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் கையில் ஒரு தட்டு.

அருள் சாப்பிட்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கத்தரிக்காய் வேண்டியிருந்தது போல. எப்படிக் கேட்பது? ஒரு கையைக் குவித்துக் காயாக்கி, இன்னொரு கையின் விரலை மேலே வைத்துக் காம்பாக்கி, ஆட்டி ஆட்டிக் காட்டினான்.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புரை ஏறியது. அருள் பாய்ந்து வந்து அவள் தலையில் தட்டினான்.

"மெதுவாக்கா... மெதுவா..."

கண்ணில் நீர் வழிய அவள் கேட்டாள்: "அன்னிக்கு ஏன்டா அப்டி சொன்ன?"

"வாய்க்கொழுப்புக்கா. மன்னிச்சிடு. நீ வராம பையனுக்குப் புதுநன்மை எப்டிக்கா?"

"எவன்டா வரலன்னு சொன்னான்?"

ஒரு வருஷம் பேசாமலிருந்தும் ஆறாத கோபம், ஒரு தட்டு சோறு தீர்வதற்குள் ஆறிவிட்டது. முறைத்துக்கொண்டு பேசாமலிருப்பது வேறு. ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாமலிருப்பது வேறு. அந்தத் துறவிகளுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது!

இப்போது அக்காவும் தம்பியும் தினமும் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்... இதை நிறுத்த அந்த மடங்களில் ஏதாவது வழி வைத்திருந்தார்களா, ஃபாதர்?